இருமல் கேட்கும் கதிரை

என் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்த எவரும் அவற்றை முதல் பார்வையில் ஸ்பீக்கர் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஒருத்தி ஹீட்டர் என்றாள். வயதான ஒருவர் உடுப்பு மாற்றுகிற மறைப்புத் தட்டி என்று நினைத்து, "உதுக்குப் பின்னாலை ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார். நெஞ்சளவு உயரம், சாண் தடிப்புக்கூட இல்லை. சுவரோடு சாத்தி வைக்கவும் முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு சத்தம் போகிற சாமான் என்பதால் அறையின் நடுப்பகுதிக்கே வந்து நிற்கும். கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் நாங்கள் கடன் கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிய வீட்டின் இருப்பறையில் பாதி, இந்த இரண்டுக்கும்தான் சொந்தம்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவருடைய முகம் மலரும். உள்ளே காந்தமும் இல்லை, கூம்பும் இல்லை. ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில், கடைப் பையைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி வைத்திருப்பார்கள். பாட்டு வரும்போது அந்தத் தாள் நடுங்கும். அவ்வளவுதான் ஸ்பீக்கர். நாங்கள் பிறப்பதற்கு முன்னமே செய்யப்பட்டவை என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு அதில் என்ன பெருமை என்று அப்போது விளங்கவில்லை.

இவற்றின் பெரிய குணம், ஒரே ஒரு ஆளுக்குத்தான் முழுப் பாட்டையும் கொடுக்கும். இரண்டுக்கும் நேர் நடுவில், கொஞ்சம் தள்ளி ஒரு கதிரை. அதில் இருப்பவருக்கு வயலின்காரர் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு முழம் தள்ளி இருந்தால் அவர் எழுந்து போய்விடுவார். கதிரையின் நாலு கால்களும் நிற்கவேண்டிய இடத்தைக் கம்பளத்தில் பிசின் நாடா ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். தூசி இழுக்கிற மெசினால் அறையைச் சுத்தம் செய்துவிட்டு அந்தக் கதிரையை நான் அச்சொட்டாகப் பழைய இடத்தில் வைக்கவேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் மனுசன் கண்டுபிடித்துவிடுவார்.

நான் பாட்டுக் கேட்டது ஸ்பீக்கர்களுக்குப் பின்பக்கத்தில் இருந்து. எங்கள் குசினி அங்கேதான் இருக்கிறது. புகை இழுக்கும் விசிறி ஓட, தாளிதம் வெடிக்க, அதற்கு மேலால் வருகிற வயலின்தான் எனக்கு. அவர் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணீரோடு கதிரையில் உட்காருவார். நானும் வேலையால் வந்திருப்பேன், ஆனால் எனக்கு அடுப்பு. ஒருவர் பாட்டுக் கேட்க இன்னொருவர் சமைத்தால்தான் இரண்டு பேரும் சாப்பிடலாம். அதில் குறை சொல்ல நான் வரவில்லை.

அவருக்கு ஒரு இசைத்தட்டில் தனிப் பைத்தியம். ஏதோ ஒரு சபையில் நடந்த வயலின் கச்சேரி. ஆலாபனை முடிகிற இடத்தில் வயலின் மெலிந்து மெலிந்து இழையாகி நிற்கும்போது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருவர் இருமியிருக்கிறார். மெல்லிய இருமல், இடது பக்கம். வேறு எந்த ஸ்பீக்கரிலும் அது கேட்காது என்பார். கதிரையில் இருந்து கேட்டால் அந்த மனுசன் எத்தனையாவது வரிசையில் இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாமாம்.

"இஞ்சரும், ஒருக்கால் வந்து இதிலை இரும். இருமல் வரப்போகுது."

"பேந்து வாறன். கையெல்லாம் மீன்."

உடனே இருமல் வந்துவிடும். எனக்குக் கேட்காது. அவர் சிரிப்பது கேட்கும். "பாவம் மனுசன், அடக்கி அடக்கிப் பாத்திருக்கிறான்" என்று ஒவ்வொரு தடவையும், புதிதாகக் கேட்டதுபோல.

அவர் கண்ணை மூடிய பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டில் பாட்டுப் போடவில்லை. ஆட்டைத்திவசம் முடியும்வரை நல்லநாள் பெருநாளும் இல்லை. அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கதிரையில் உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்கவேண்டும். அவர் காதுக்குள் போனதெல்லாம் என் காதுக்குள்ளும் ஒருக்கால் போகவேண்டும். வேறு எதைச் செய்தால் அவருக்குக் கிட்டப் போகலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

திவசம் முடிந்து வந்த முதல் நல்லநாள் சரஸ்வதி பூசை. அன்றைக்கே தொடங்குவோம் என்று நினைத்தேன். வருடாவருடம் ஆயுதபூசைக்குக் காருக்கும் தையல் மெசினுக்கும் அவருடைய திருகாணிச் சாவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்பீக்கர்களுக்கு மட்டும் வைக்க விடமாட்டார். "மற்றதெல்லாத்துக்கும் வையும். உதுகளுக்குக் கிட்டவும் போகாதையும்" என்பார். ஏன் என்று கேட்டால் "அது அப்பிடித்தான்" என்பார். விளக்கம் சொல்வது அவருடைய குலத்திலேயே இல்லை. இந்த முறை தடுக்க ஆள் இல்லை. நான் இப்போது குங்குமம் வைத்துக்கொள்வதில்லை. அவருடைய சாமான்களுக்காவது வைப்போமே என்று சந்தனத்தைக் குழைத்து, இரண்டு ஸ்பீக்கர்களின் முன்துணியிலும் பெரிதாக அப்பி, அதன்மேல் குங்குமத்தை அள்ளி வைத்தேன். இடது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடவே வைத்தேன், இருமல் வருகிற பக்கம் என்று.

பிளக்கைப் போட்டேன், இசைத்தட்டை வைத்தேன், கதிரையில் உட்கார்ந்தேன். இடது பக்கத்தில் 'டிக் டிக்' என்று பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம். வயலின் மெலியத் தொடங்குகிற நேரத்தில் 'படார்' என்று ஒரு நீலப் பொறி. பிறகு இடது பக்கம் செத்துப்போனது. வலது பக்கம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. இருமல் வந்திருக்கும், போயிருக்கும். நான் கதிரையில் இருந்து அழுதேன். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துபோன அந்த ஒரு வருடத்தில் அப்படி அழவில்லை.

எங்கள் ஆட்களுக்கு எதற்கும் தெரிந்த ஆள் வேண்டும். பல்லுப் பிடுங்கவும் தெரிந்த ஆள், கூரை போடவும் தெரிந்த ஆள். வேலை தெரிந்த ஆளா என்பது இரண்டாவது கேள்வி. கோயிலில் விசாரித்தேன். தெரிந்த ஆள் ஒருவர் மறுநாளே பையோடு வந்து நின்றார். தங்கமான மனிதர். இடது ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"அக்கா, உதுக்குள்ளை ஒண்டுமே இல்லை. கோன் இல்லை, காந்தம் இல்லை. நான் நல்ல புது ஸ்பீக்கர் ரெண்டு வாங்கி உந்தச் சட்டத்துக்குள்ளை பூட்டித் தாறன். வெளியிலை பாக்க உதே மாதிரி இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது."

"தம்பி, வெளியிலை பாக்கிறதுக்கோ அவர் உதுக்கு முன்னாலை இவ்வளவு காலமும் இருந்தவர்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணீரும் பலகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அடுத்தது நகரத்துக்குள் ஒரு பெரிய கடை. எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம் என்பதால் மகள்தான் கூட்டிப் போனாள். கண்ணாடி, வெளிச்சம், நல்ல மரியாதை. இரண்டையும் கொண்டுவந்து விடுங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றான் அங்கே நின்ற பெடியன். எந்தப் பக்கம் பழுது, என்ன சத்தம் வந்தது என்று அவன் கேட்கவே இல்லை. திறக்கப்போவது யார், அவரோடு கதைக்கலாமா என்று நான் கேட்டேன். எங்கள் டெக்னீசியன்தான், வாடிக்கையாளரோடு கதைப்பதில்லை என்றான். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்கக்கூடாது என்றால் யார் விடுவார்கள்? திரும்பி வந்துவிட்டோம்.

காரில் மகள் பொறுமை இழந்தாள். "அம்மா, ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தாறன். அதே பாட்டு போனிலையும் இருக்கு."

"அதிலை இருமல் கேக்குமோ?"

அவளுக்கும் அந்த இருமல் தெரியும். சின்ன வயதில் அப்பாவின் மடியில் இருந்து கேட்டவள்.

அன்றைக்குப் பின்னேரம் அவளே பழைய ஸ்பீக்கர் பைத்தியங்கள் கூடுகிற ஒரு பிரெஞ்சு இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள். யார் யாரோ எதை எதையோ எழுதினார்கள். அவற்றுக்குள் ஒரு பதில் மட்டும் கேள்வியாக வந்தது. எந்தப் பக்கம்? முதலில் டிக் டிக் என்று கேட்டதா, எடுத்தவுடனே வெடித்ததா? அந்த அறையில் என்ன எரிக்கிறீர்கள், யாராவது புகைப்பார்களா? கடைசியில், இப்போதே பிளக்கைக் கழற்றுங்கள், ஒரு நாள் போகும்வரை ஒருவரையும் திறக்க விடாதீர்கள், கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும், இதைச் சொல்லாமல் திறக்கிறவனிடம் எதையும் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. தெரிந்த ஆள் தட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது, ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றினேன்.

எழுதியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிற ஒரு கியூபெக் பெண். என் வயதுதான் இருக்கும். ஸ்பீக்கரைப் போர்வையால் சுற்றிப் பின் ஆசனத்தில் கிடத்தி, பாலத்தால் ஆற்றைக் கடந்து கொண்டுபோனோம். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வாசலிலேயே எங்கள் கம்பளிக் கோட்டுகளைக் கழற்றச் சொன்னாள், கம்பளித் தூள் அவளுடைய நிலவறைக்குள் வரக்கூடாதாம். தலையில் துணி கட்டச் சொன்னாள். வாய் ஓயாமல் கதைத்தாள், அதில் பாதி ஊரில் உள்ள மற்றத் திருத்துனர்களுக்குத் திட்டு. எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

சட்டத்தைத் திறந்து விளக்கைப் பிடித்தாள். தாளில் விரல் நுழைகிற அளவு ஓட்டை, சுற்றிவரக் கருகல். கருகலைச் சுற்றிச் சிவப்புத் தூள் அப்பிக் கிடந்தது. இது என்ன என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் மகள் பிரெஞ்சில் விளக்கம் சொன்னாள். எங்களுக்குச் சோறு போடுகிற சாமான்களுக்கு வருடத்தில் ஒரு நாள் பொட்டு வைத்துக் கும்பிடுவோம் என்று சொல்லியிருப்பாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"கும்பிடுறது நல்லதாம் அம்மா. ஆனால் உந்தத் தாள் காத்திலை இருக்கிற தூசி எல்லாத்தையும் தன்னட்டை இழுக்குமாம். பொட்டை இனி கீழே ஸ்பீக்கரின்ரை காலிலை வைக்கட்டாம்."

ஏன் கிட்டவும் போகாதையும் என்றார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரும் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அங்கேயே எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபம் வந்தவுடன் அவரைப் பார்க்கவேண்டும் போலவும் இருந்தது.

வலது பக்கத்தையும் கொண்டுவரவா, இரண்டையும் புதிதாக்கிவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றாள். பழுதாகாததைத் தொடமாட்டாளாம், பொட்டை மட்டும் ஈரம் படாமல் துடைத்துவிடச் சொன்னாள். இடதுக்குப் புதுத்தாள் போட்டால் அது கொஞ்சம் இளமையாகப் பாடும், வலது பழசாகவே பாடும், அந்த வித்தியாசம் உனக்குச் சம்மதமா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குச் சம்மதம். வேலை முடியும்வரை நாள் கேட்டு அரிக்கக்கூடாது என்றும் சொன்னாள். நான் அரித்தேன். அவள் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

ஆறு உறைந்து கிடந்த ஒரு நாள் கூப்பிட்டாள். புதுத்தாள், தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடுகாட்டி இறுக்கியிருந்தாள். பறைபோல நின்றது. குளிரில் இருந்து வந்ததை ஒரு இரவு வீட்டுச் சூட்டில் சும்மா வைக்கவேண்டும், பிறகு பிளக்கைப் போட்டு மின்சாரம் ஏறும்வரை பொறுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். இவ்வளவு சொல்வழி நான் அவருக்குக் கேட்டதில்லை.

அடுத்த நாள் பின்னேரம் கதிரையில் உட்கார்ந்தேன். கதிரை அடையாளத்தில் இருந்து அசையாமல்தான் இருந்தது. வயலின்காரர் வந்து முன்னால் உட்கார்ந்தார். வில் நரம்பில் தொடுவதற்கு முன்னால் அவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருடமும் இந்த வயலின்காரரோடு என் வீட்டுக்காரர் இப்படித்தான் இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வயலின் மெலிந்து இழையானது. இடது பக்கம், நாலைந்து வரிசை தள்ளி, ஒரு மனுசன் இருமினான்.

நன்றாகக் கேட்டது. இருமல்தான். யாரோ தெரியாத ஒரு ஆளின் இருமல். ஊசி ஓடி முடியும்வரை நான் காத்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று தெரியவில்லை. இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல இருந்தது.

மறுநாள் இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்காமல் குசினிக்குப் போனேன். வெங்காயம் வெட்டினேன். விசிறியும் ஓடியது. ஸ்பீக்கர்களின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு அப்பால் கதிரை தெரியாது, எப்போதுமே தெரிந்ததில்லை. பாட்டு பழைய மாதிரியே வந்தது. வயலின் மெலியத் தொடங்கியதும் நான் கத்தியை வைத்தேன், விசிறியை நிற்பாட்டினேன். இத்தனை வருடமும் இந்த இடத்தில் முதலில் அவருடைய மூக்கால் ஒரு காற்று வரும், பிறகு சிரிப்பு, பிறகு "பாவம் மனுசன்". குசினிப் பக்கத்தில் இருந்து கேட்டால் அந்த இசைத்தட்டில் அந்த இடத்தில் அதுதான் இருந்தது. இருமல் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அந்த இடம் வந்தது, சிரிப்பு இல்லாமல் போனது. வயலின் அடுத்ததைத் தொடங்கிவிட்டது.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "எப்பிடி அம்மா, வடிவா வேலை செய்யுதோ?"

"ஓம் பிள்ளை. ஒரு குறையும் இல்லை. நல்ல கெட்டிக்காரி அவள்" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் ஊசியைத் தூக்கி முதலில் இருந்து போட்டேன். பிறகு குசினிக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டேன்.