மணக்கொடி

ஆளைத் தின்னும் செடி ஒன்றை உண்டாக்கியது நான்தான். வெங்காயத்தைக்கூட யோசித்து வாங்கும் சைவ வீட்டில் பிறந்தவனுக்கு இது தேவையா என்று நண்பர்கள் மூன்று பேரும் கேலி செய்தார்கள்.

எங்களுடையது கதை விளையாட்டு. நான் கதையை நடத்துவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகப் பேசுவார்கள். ஆபத்து வந்தால் பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். இரண்டு பேர் பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடிக்கே வந்துவிடுவார்கள். மூன்றாமவன் மேலப்பாளையத்துக்காரன், பள்ளிக்கூட நாளிலிருந்து என் சேக்காளி. வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஆட்டமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். மேசை நடுவில் செல்போனை நிமிர்த்தி வைப்போம். அதுதான் அவன்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பு. ஆட்டம் ஓடும்போது வாயில் வருவதெல்லாம் வீரனின் பேச்சு, சொந்தக் கதை கூடாது. நான் போட்ட விதி. அதில் எனக்குப் பெருமை வேறு.

சீவலப்பேரிப் பக்கம் ஆற்றை மூடிக் கிடக்கும் அமலைச்செடியை, அந்த ஆகாயத்தாமரையைப் பார்த்துத்தான் மணக்கொடியை யோசித்தேன். பச்சைப்பசேலென்று தரை போலத் தெரியும், கால் வைத்தால் தண்ணீர். நடுவில் ஆள் உயரத்துக்குக் குடம் போல ஒரு வாய். அது யாரையும் துரத்தாது. ஒருவன் எதற்கு ஏங்குகிறானோ அதன் மணத்தை அவன் மூக்குக்கு அனுப்பும். உள்ளே போனவன் மூன்று சுற்று வரை உயிரோடு இருப்பான். அதற்குள் இன்னொருவன் கையை நீட்டினால் போதும், பகடைகூட வேண்டாம். இந்தக் கடைசி விதியை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவர்களாகக் கேட்கட்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அன்று அவனுடைய வீரன் மணக்கொடிக்கு முன்னால் வந்து நின்றான்.

"என்ன மணக்கு லே?" என்று கேட்டேன்.

போனில் அவன் சொன்னான்: "மழை பெஞ்ச அன்னைக்கு பஸ்ஸு ஆத்துப் பாலத்துல போவும்போது ஜன்னல் வழியா ஒரு மணம் வருமுல்லா, சேறும் தண்ணியுமா. அது."

"பகடையை உருட்டு. தப்பிச்சிரலாம்."

"உருட்டல. எனக்கு இங்கன முடியல லே. பைய உள்ள போயிருதேன்."

நாங்கள் கைதட்டினோம். அவன் அவ்வளவு நன்றாக நடித்ததே இல்லை. மற்ற இருவரின் வீரர்களும் செடிக்குப் பின்னால் இருந்த புதையல் பெட்டியை உடைக்கப் போனார்கள். மூன்று சுற்றும் அந்தப் பூட்டிலேயே கழிந்தன. அவனை இழுக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். கதை நன்றாகப் போகிறதே என்று சும்மா இருந்துவிட்டேன்.

"உன் ஆள் செத்தான் லே" என்றேன். "சரி லே" என்று போனை வைத்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தோற்ற கோபம் என்று நினைத்துக்கொண்டோம். செத்தவன் எப்படி வருவான் என்று ஒருவன் சொன்னான், மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்றாவது வாரம் அவன் அண்ணன் வந்தார். தங்கியிருந்த அறையில் தம்பி தன்னையே முடித்துக்கொண்டான் என்றும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும் வாசலில் நின்றபடியே சொன்னார். முதலாளி பல மாதமாகப் பாஸ்போர்ட்டைத் தராமல் வைத்திருந்தாராம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னா உங்ககூடத்தான் பேசிக்கிட்டு இருப்பான். அங்கன கஷ்டப்படுதேன்னு ஏதாச்சும் சொன்னானா தம்பி?"

"ஒண்ணும் சொல்லலண்ணே" என்றேன். "விளையாட்டுதான் பேசினோம்."