கால் அளவு

பேச்சை நிறுத்தாமலேயே என் எழுதுமேசையை இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்க்கிறார் தச்சரம்மா. மேசை ஆடுகிறது. "ஆடுது சார். கடையில வாங்கினதா?" என்கிறார். கடையில் வாங்கியதுதான். சரிசெய்த நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், வந்த வேலையை மறந்து, மேசையருகே நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, "இது எனக்கு ரெண்டு விரல் ஒசரம்" என்று தீர்ப்புச் சொல்கிறார். டீக்கடைப் பலகை, வங்கிக் கவுன்ட்டர், மருந்துக்கடைக் கண்ணாடிப்பெட்டி எதுவும் அவர் கைக்குத் தப்புவதில்லை. ஒன்றரை மாதமாக இதே வேலை. பட்டறைக்குப் புதிதாக வேலைமேசை ஒன்று செய்துகொண்டிருக்கிறார்.

ஆள் ஐந்தடிக்கும் குறைவு. இடது கைக்காரர். காதில் செருகிய பென்சிலை வீடெல்லாம் தேடுகிற ரகம். கோபம் வந்தால் பேச மாட்டார், இழைப்பார். அன்றைக்குப் பட்டறைத் தரையில் சுருள் சுருளாக மரச்சீவல் கணுக்கால் வரை கிடக்கும்.

தொழில் கற்றது கல்யாணத்துக்குப் பிறகு, கணவரிடம். தெருவே அவரை நெட்டை என்றுதான் கூப்பிடும். ஆறடி இரண்டு அங்குலம். இருபத்திரண்டு வருடம் இருவரும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று வேலை செய்திருக்கிறார்கள். மேசை அவர் உயரத்துக்குச் செய்தது. தச்சரம்மா ஒரு சாண் உயரப் பெட்டியின் மேல் நின்று உளி பிடித்தார். "மேசை நம்ம ஒசரம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. நம்மன்னா அவரு. நான் பெட்டி மேல" என்று சொல்லிச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் குறை இல்லை. பெருமைதான் இருக்கிறது.

பதினாறு மாதத்துக்கு முன் ஒரு வீட்டில் கூரைப்பலகை அடிக்கும்போது ஏணி சரிந்து நெட்டை விழுந்தார். முதுகெலும்பில் அடி. அன்று முதல் சக்கர நாற்காலிதான். இனி நிற்க வழியில்லை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இது தெருவுக்குத் தெரியும், நெட்டைக்கும் தெரியும். தச்சரம்மா மட்டும் வாடிக்கையாளர்களிடம், "அவரு எந்திரிக்கட்டும், பெரிய வேலையெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வயிறு காத்திருக்காதே. கணவர் பார்த்த கனமான இழைப்பு வேலையும் அவர் தலையில் விழுந்தது. பெட்டியின் மேல் நின்று இழைத்ததில் தோள்பட்டை வீங்கியது. மேசையைத் தாழ்த்துங்கள், இல்லாவிட்டால் தொழிலை விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதே சமயம் பழைய மேசையின் கால்களைக் கரையான் தின்றிருந்ததும் வெளிப்பட்டது. புதிது செய்தே ஆக வேண்டும்.

என் புத்தக அலமாரி வேலை அங்கே நடந்துகொண்டிருந்ததால் புது மேசைக்கான ஆலோசனைகள் சிலவற்றை நேரில் கேட்டேன். ஒட்டுப்பலகைத் துண்டில் படம் போட்டிருந்தார்கள். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் சண்டையே இல்லை. "இடது கைக்காரிக்கு வலப்பக்கம்" என்று நெட்டை முந்திக்கொண்டார். இத்தனை வருடம் அது தப்பான பக்கத்தில் இருந்தது தனக்குத் தெரியும் என்பதுபோல் இருந்தது அந்தக் குரல். மேற்பலகை மூன்று அங்குல கனம். அதுவும் ஒத்துப்போயிற்று. இழுப்பறையில்தான் முட்டிக்கொண்டது.

"ஒண்ணு இருந்தா நல்லதுதான?" என்றார் நெட்டை.

"எதுக்கு? மூணே நாள்ல சீப்பும் மருந்துச்சீட்டும் அதுக்குள்ள குடித்தனம் வந்துரும். உளி வைக்க எடம் இருக்காது."

"உன் சீப்புதான?"

"மருந்துச்சீட்டு யாருதாம்?"

இழுப்பறை தோற்றது. அடுத்து, மேசை அசையாமலிருக்கக் கீழே பாரத்துக்கு ஒரு தட்டு வேண்டும் என்றார் தச்சரம்மா. நெட்டை படத்தின் ஒரு முனையில் விரல் வைத்தார். பிறகு, "இந்தக் கோடியில மட்டும் தட்டு வேண்டாம். முழங்கால் உள்ள போகணும்" என்றார்.

"யாரு முழங்கால்?"

"என்னோடதுதான். உக்காந்து உளி வேலை பார்க்கலாம்ல?"

"நீங்க ஏங்க உக்காரணும்? நின்னு பார்ப்பீங்க."

தச்சரம்மா இழைப்புளியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இழைத்து முடித்த பலகையை மறுபடி இழைக்க ஆரம்பித்தார். எனக்கு அங்கே இருக்கச் சங்கடமாக இருந்தது. எழுந்து போகவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஓடியது. மேற்பலகை ஒட்டிக் காய்ந்தது, வைஸ் வந்து சேர்ந்தது, கோடித் தட்டும் சத்தமில்லாமல் படத்திலிருந்து நீங்கியிருந்தது. நான்கு கால்கள் மட்டும் சுவரோரம் நின்றன, பழைய மேசைக் கால்களின் உயரத்துக்கே. படத்தில் எல்லா அளவும் எழுதியிருக்க, உயரத்துக்கு நேரே மட்டும் எதுவும் இல்லை. தச்சரம்மாவிடம் கேட்டால், "மரம் நீளமா இருந்தா எப்ப வேணாலும் வெட்டிக்கலாம் சார். வெட்டிட்டா வளக்க முடியுமா?" என்பார். தொழில் தெரிந்தவர் பேச்சுதான். ஆனால் அந்தக் காலைக் குறைப்பது கணவர் இனி நிற்கமாட்டார் என்று தன் கையாலேயே அறுத்துச் சொல்வது. அதற்குத்தான் அவர் கை வரவில்லை. வீங்கிய தோளோடு பெட்டி மேல் ஏறிக்கொண்டே இருந்தார்.

அலமாரியை எடுத்துவர நான் போன காலையில், நெட்டை சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இந்தா, இங்க வா. செருப்பைக் கழட்டிட்டுப் பக்கத்துல நில்லு. கையத் தொங்கப்போடு" என்றார். எதற்கு என்று தச்சரம்மா கேட்கவில்லை. வந்து நின்றார். மேசையின் மேற்பரப்பு மணிக்கட்டு மட்டத்துக்கு வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பென்சிலைக் கொண்டுபோன நெட்டை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"குதிகாலை எறக்கு."

"எறங்கித்தான் இருக்கு."

நெட்டை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து, குனிந்து, மனைவியின் பாதத்தின் மேல் கையை வைத்து அழுத்தினார். குதிகால் தரையைத் தொட்டது. தச்சரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்திருந்தது. நெட்டை மணிக்கட்டு மட்டத்தைப் பார்த்து, மேற்பலகையின் மூன்று அங்குலத்தைக் கழித்து, மூலைமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

தச்சர்களுக்குக் கோடு மட்டும் போதாது. அறுத்து எறியவேண்டிய பக்கம் எது என்று அடையாளமும் வேண்டும், இல்லாவிட்டால் ரம்பம் தப்பான பக்கம் இறங்கிவிடும். கோட்டுக்கு மேலே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அந்த மரத்தில், நெட்டை இரண்டு இழுப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.