வெள்ளிக்கிழமை ரோல்ஸ்

எண்பதுகளில், பாரிஸின் லா சப்பலில் நான் ரோல்ஸ் பொரித்த கடைக்கு ஒரு பாண்டிச்சேரிக்காரர் வருவார். கழுத்தில் டை, பளபளக்கும் சப்பாத்து, கையில் மடித்த குடை. கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் பிரெஞ்சுக்காரரை, குடையை உயர்த்திப் பிடித்தபடி கடை கடையாக அழைத்துப்போய் எங்கள் சாப்பாட்டை ருசிபார்க்க வைப்பது அவர் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சி ரோல்ஸை சுடச்சுட வைத்தேன். நீங்கள் சாப்பிடவில்லையா என்று ஒரு பெண்மணி அவரைக் கேட்டார். தவக்காலம், இறைச்சி தொடமாட்டேன் என்றார் கத்தோலிக்கரான அவர். பெண்மணி தட்டை என்னிடம் நீட்டினார். நானும் முருகனுக்கு வெள்ளிக்கிழமை விரதக்காரன்; அது அவருக்குத் தெரியும். பேசக் கூச்சப்பட்டு, வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தேன். சமைத்தவனே தின்னாததை யார் தின்பார்கள்? எல்லோரும் தட்டைத் தள்ளிவைத்தார்கள்.

"உம்மால, வந்த சனமும் போகப்போகுது," என்று முதலாளி என்னைக் கடிந்தார்.

பாண்டிச்சேரிக்காரர் குடையைச் சுவரில் சாய்த்தார். ஒரு ரோல்ஸை எடுத்து முழுவதையும் சாப்பிட்டார். பிறகு எல்லாத் தட்டும் காலியானது.

அவர் புறப்படும்போது, "அண்ணை, உங்களுக்குத் தவக்காலமெல்லோ?" என்றேன்.

"நான் சர்ச் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்குவேன், தம்பி. உங்க முருகன்கிட்ட அந்த வசதி இல்லியே," என்று சிரித்தார்.

சாமியாரிடம் அதைப் பாவம் என்றுதான் சொன்னாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.