ராசாங்கமும் கிளம்பாத போட் மோட்டாரும்

ஷாலினி மேரி ஒன்பதாவது படிக்கும்போது அவள் சைக்கிளுக்குச் செயின் கவர் கிடையாது. திருமானூர் பஸ் ஸ்டாப்புக்கு வரும்போதெல்லாம் துப்பட்டா செயினில் மாட்டிக்கொள்ளும். எதிரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த ராசாங்கம் இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுவார். இந்த ஓட்டை வண்டியை ஓட்டச் சொல்லி யார் அழுதது என்பார். அந்த ஆள் தினமும் திட்டுகிறார் என்று அவள் வீட்டுக்கு வந்து அம்மா சாந்தி மேரியிடம் மூக்கை உறிஞ்சுவாள்.

ஒரு நாள் டியூஷன் விட்டு வெளியே வந்து பார்த்தால், சைக்கிளில் பச்சைப் பெயிண்ட் அடித்த செயின் கவர் மாட்டியிருந்தது. யார் வேலை என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து பம்புசெட்டுக்கு வாஷர் வாங்க ராசாங்கம் கடைக்குப் போனபோதுதான் சாந்தி மேரி கவனித்தாள். கடைக் கதவு, ஸ்டூல், சாமான் பெட்டி எல்லாம் அதே பச்சை. அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாஷரைத் தொலைத்ததற்கு மட்டும் திட்டி அனுப்பினார்.

ராசாங்கத்துக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரம் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவருக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, அந்த வயலில் எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. முதலாளி மெக்கானிக்கைத் தேடி டவுனுக்குப் போய்விட்டார். ராசாங்கம் கிணற்றில் இறங்கிக் குழாயின் அடியில் கையை விட்டு, அடைத்துக்கொண்டிருந்த தவளையை எடுத்துப் போட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தத் தொழில். பெரம்பலூரில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். இடது கை ஆள்காட்டி விரலின் நுனியை ஒரு பெல்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, திருமானூருக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டார்.

எந்த எஞ்சினையும் அவர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். சீர் செய்யாவிட்டால் முறைத்துக்கொண்டு உட்காரும் மருமகப்பிள்ளை மாதிரி அதைக் கொஞ்சுவார், ஏசுவார். மனிதர்களிடம் அந்தக் கொஞ்சல் கிடையாது. கடைசியாக எப்போது ஓடியது, யார் நிறுத்தியது, நிறுத்தியபின் என்ன செய்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்பார். எஞ்சின் இதுவரை தன்னிடம் பொய் சொன்னதில்லை, கொண்டுவருகிறவர்கள்தான் சொல்வார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுப்பார்.

சாந்தி மேரியின் புருஷன் கிளமெண்ட் ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே கொள்ளிடத்தில் படகு ஓட்டுகிறவன். ஆற்று நடுவில் உள்ள திட்டில் கத்திரியும் சோளமும் போடுகிறவர்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. சும்மா நாளில் கழியை ஊன்றியே தள்ளிவிடலாம். வெள்ளத்தில் கழி நிற்காது. அதற்காகவே நாகப்பட்டினத்தில் ஒரு மீனவரிடமிருந்து பழைய எட்டு குதிரைச் சக்தி மோட்டார் வாங்கிப் படகின் பின்பக்கம் மாட்டியிருந்தான்.

போன வருஷத்துக்கு முந்தைய ஆடியில் அந்த மோட்டாருக்கு இருமல் பிடித்தது. ஓடும், திணறும், நிற்கும். சாந்தி மேரி வீட்டில் எதற்கும் மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீர்தான் முதல் மருந்து. விதைக்குத் தெளிப்பாள், மாட்டுக்குத் தெளிப்பாள், மகளின் பரீட்சைப் பேனாவுக்கும் தெளிப்பாள். காய்ச்சல் என்றால் மட்டும் மேலே தெளித்தால் போதாது, ஒரு மூடி உள்ளுக்குக் கொடுப்பாள். மோட்டாருக்கு வந்தது உள் நோவு என்று அவளுக்குத் தோன்றியது. மாதா சொரூபம் போல் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் நீலக் கிரீட மூடியைத் திருகி, தினமும் ஒரு மூடி பெட்ரோல் டேங்கில் ஊற்றி ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலை விளம்பரம் செய்வார்களா?

இருமல் அதிகமானது. இது தெரியாத கிளமெண்ட் டேங்கைக் கழட்டிக் கழுவி, புதுப் பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினான். அன்று சாயங்காலம் மோட்டார் ஒழுங்காக ஓடியது. மாதா கேட்டுவிட்டார் என்று சாந்தி மேரி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. மேலே அணையில் திறந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் வந்துவிடும், ஆற்றுக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது. திட்டில் அம்சவள்ளி இருந்தாள். புருஷன் இல்லாதவள், பதினோரு ஆடுதான் அவளுக்கு எல்லாம். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டாள். கிளமெண்ட் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் சாந்தி மேரி ஓடிப்போய், பெரிய வேலை ஆயிற்றே என்று பாதிப் பாட்டிலை டேங்கில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

கிளமெண்ட் கயிற்றை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து பத்தரைக்கு அவன் தோள் கழன்றது போலானது. கரையில் கூட்டம் சேர்ந்து ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் சோக்கைப் பிடி என்றார், ஒருவர் விடு என்றார். நாலு தட்டு தட்டு என்றார் இன்னொருவர். கிளமெண்ட் தட்டினான். கயிற்றின் கைப்பிடி உடைந்து ஆற்றில் விழுந்ததுதான் மிச்சம். ஆளாளுக்குப் போன் போட்டு, கடைசியில் பதினொன்றரைக்கு ராசாங்கம் தன் பழைய மொபெட்டில் வந்து இறங்கினார்.

வந்ததும் கூட்டத்தைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். மூன்று கேள்வியைக் கேட்டார். பிளக்கைக் கழட்டி எஞ்சின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். நீலமாகப் பொறி அடித்தது. டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருந்தது. குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழை அமுக்கினால் பெட்ரோல் ஏறியது. கார்புரேட்டரைக் கழட்டி, அதில் இருந்ததை ஒரு கண்ணாடி கிளாசில் ஊற்றி வெயிலில் பிடித்தார். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

“டேங்க்ல தண்ணி கெடக்கா?” என்றார்.

கிளமெண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. “மாதா மேல சத்தியமாண்ணே, நேத்துதான் கழுவி, காயவச்சு, துணியில வடிகட்டி ஊத்துனேன். ஒரு சொட்டு தண்ணி கெடையாது.”

மாதாவைச் சாட்சிக்கு இழுத்தபின் ராசாங்கம் மேலே கேட்கவில்லை. ஆற்று ஈரத்தில் கார்புரேட்டர் வேர்த்திருக்கும் என்று நினைத்துத் துடைத்து மாட்டினார். மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. கரையில் கைதட்டினார்கள். பத்து எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி கழட்டினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி பத்து எண்ணிக்கை.

“என்ன மாப்ளே, ஊரு பாக்க மானத்த வாங்குற?” என்று அதன் தலையில் தட்டினார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் நின்றது. ஸ்பேனரைப் படகுக்குள் வீசிவிட்டு, மறுபடி அவரே குனிந்து தேடினார். சூடேறினால், பொறி கொடுக்கும் காயில் செத்துப்போகிறது போலிருக்கிறது, அரியலூருக்குப் போய் வேறு காயில் பார்க்க வேண்டும், போய்வர இரண்டு மணி நேரம் ஆகும், கிடைத்தால் உண்டு என்றார். அப்போது மணி ஒன்று.

சாந்தி மேரி கரையில் நின்றுகொண்டிருந்தாள். கிளாசின் அடியில் முத்துகளைப் பார்த்த உடனேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் புருஷன் கத்துவான், கரை சிரிக்கும். அதைவிட, மந்திரித்த தண்ணீரால் கெட்டது என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாதே என்றுதான் அவளுக்குப் பயம். முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நின்றாள்.

போன் அடித்தது. அம்சவள்ளி. அழவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

“மேரி, ஆடு கட்டுன முளை வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. போட் எப்ப வரும்?”

ராசாங்கம் மொபெட்டை எடுத்துவிட்டார். சாந்தி மேரி போய் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, போவாதீங்க. டேங்க்ல தண்ணி இருக்கு. நாந்தான் ஊத்துனேன். மந்திரிச்ச தண்ணி.”

அவர் வண்டியை நிறுத்தினார். “எவ்ளோ?”

“தெனம் ஒரு மூடி. இன்னைக்கு மட்டும் பாதிப் பாட்டில்.”

அவர் அவளைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், கரை மண்ணில் அப்படியே குந்திவிட்டார். “ஏன் தங்கச்சி, மாப்ளைக்குக் காய்ச்சலா?” என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

கிளமெண்ட் தண்ணீரில் குதித்து வந்தான். ஊரைக் கூட்டும் குரலில் ஆரம்பித்தான். ராசாங்கம் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

“கத்தாத. காலையிலேர்ந்து நீ கயித்த இழுத்த, நான் ஸ்பேனர வீசுனேன், ஒண்ணும் நடக்கல. தங்கச்சி ஒரே வார்த்தையில ரிப்பேர் பண்ணிட்டுச்சு. போயி டேங்க கவுத்து.”

டேங்கைக் கவிழ்த்துத் துடைத்தார்கள். குழாயையும் குமிழையும் ஊதிக் காலி செய்தார்கள். புதுப் பெட்ரோலுக்கு யாரும் ஓடவில்லை. ராசாங்கத்தின் மொபெட்டும் அந்த மோட்டாரைப் போலவே ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுகிற பழைய வண்டிதான். அதன் டியூபைப் பிடுங்கி, இருந்ததையெல்லாம் படகு டேங்கில் வடித்தார். இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. கரையில் யாரும் கைதட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். பத்து தாண்டியது, ஐம்பது தாண்டியது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் நூல் போலப் பீய்ச்சுவதைப் பார்த்தபின்தான் ராசாங்கம் தலையாட்டினார்.

அந்த மோட்டாரைத் தனியாக நம்பி அனுப்ப அவருக்கு மனசில்லை. நீச்சல் தெரியாத மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஏறினார். ஏறும்போது, பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று சாந்தி மேரியிடம் கேட்டார். அவள் பயந்துகொண்டே நீட்டினாள்.

“மேல தெளிங்க, எவ்ளோ வேணும்னாலும் தெளிங்க. உள்ள மட்டும் ஊத்தாதீங்க.”

அவள் மோட்டாருக்கும் தெளித்தாள், அவர் தலைக்கும் தெளித்தாள். இரண்டு நடையில் அம்சவள்ளியும் பதினோரு ஆடும் கரையேறினார்கள். இரண்டாவது நடையில் ஆடு கட்டிய இடமே தெரியவில்லை. அந்த நாள் முழுக்க ராசாங்கம் திட்டியபடியேதான் இருந்தார். பெட்ரோல் இல்லாத மொபெட்டை பஸ் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனபோதும் திட்டிக்கொண்டேதான் போனார்.

போன ஐப்பசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பெரம்பலூரில் இருக்கும் மகன் அறிவரசன், கடையைக் காலி செய்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கார் கொண்டு வந்தான். விஷயம் கேள்விப்பட்டு சாந்தி மேரி கைக்குட்டையில் சுற்றிய மாதா பாட்டிலோடு பஸ் பிடித்து வந்தாள். காருக்குள் உட்கார்ந்திருந்தவர் இளைத்துப் போயிருந்தார். சாமான் பெட்டியை மடியில் வைத்திருந்தார். கொடுக்கலாமா, வேறு சாமி கும்பிடுகிறவர் ஆயிற்றே என்று அவள் தயங்கினாள். அவரே கையை நீட்டினார்.

தை மாதத்தில் செய்தி வந்து அவளும் கிளமெண்டும் போனபோது அவர் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. அவர் பேசி அவள் கடைசியாகக் கேட்டது, அன்று கார் நகர்வதற்கு முன்பு அந்த நீல மூடியைத் திருகிக்கொண்டே அவர் கேட்டதுதான்.

“தங்கச்சி, இத நான் மேல தெளிச்சுக்கவா, உள்ளுக்கு ஊத்திக்கவா?”