கதவு சாத்திக் கிடந்த மாதத்தில் கேட்ட சத்தியம்

சட்டம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அது ஏட்டில் கிடந்து தூங்குவது என்பார்கள். தூங்காத ஒரு சட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்காகத்தான் எழுந்து வந்தது.

வெள்ளைக்காரர் ஆண்ட நாளில், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது இருக்கும். அம்மா காய்ச்சலில் போன பிறகு, மாமா என்னைத் தேற்றாத்தீவிலிருந்து கூட்டிவந்து புளியந்தீவில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட்டார். வயிறு நிறையச் சோறு கிடைக்கும், பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள் என்றார். சோறு கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. வீட்டு அம்மாவின் கையில் எது அகப்பட்டதோ அதுவும் கிடைத்தது. ஒருநாள் அவருடைய புருசனின் சட்டையை நான் கருக்கிவிட்டேன். தணல் நிறைந்த அதே இஸ்திரிக்கைப் பெட்டியை வீட்டு அம்மா என் முதுகில் வைத்து எடுத்தார்.

அடுத்த தெருவில் தையல் நோனா இருந்தார். பறங்கிப் பெண்களை நோனா என்றுதான் கூப்பிடுவோம். தனியாள், வாயாடி. ஊரில் யாருடைய இடுப்பு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். எங்கள் வீட்டு அம்மாதான் அவருடைய பெரிய வாடிக்கை. துணி கொண்டுபோன என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகோடு ஒட்டியிருந்த சட்டையைப் பார்த்தார். அன்று அவர் வாயில் பகிடி வரவில்லை. தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துணியைப் பிரித்தார், தேங்காயெண்ணெய் பூசினார், மாதா கோயில் பூசைக்குப் போகும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார்.

நீதிமன்றத்தை நாங்கள் கோடு என்போம். வழக்கு நாளன்று கோடு நிரம்பி வழிந்தது. மாமா எங்கள் குடி ஆண்களை, தாய்வழிச் சொந்தங்களையெல்லாம், கூட்டிக்கொண்டு வந்திருந்தார், எனக்காக அல்ல. பெரிய வீட்டைப் பகைக்கக் கூடாது, பிள்ளையைத் திரும்பவும் அங்கேயே விட வேண்டும் என்பதற்காக. திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

சத்தியம் செய்யச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் சத்தியம் என்றால் கண்ணகை அம்மன் வாசலில்தான். அந்தக் கதவு வைகாசியில் மட்டும் திறக்கும். மற்ற நாளில் அவளைக் கூப்பிட்டுச் சத்தியம் பண்ணினால் அம்மை போட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இதையெல்லாம் விளக்கத் தெரியாமல், "கதவு சாத்திக் கிடக்கு ஐயா, இப்ப ஏலாது" என்றேன். எதிர்ப்பக்கத்துக்கு வாதாட வந்த பிரக்கிராசி கைகளை விரித்தார். சொல்லப்போவது பொய், அதுதான் பிள்ளை பயப்படுகிறது என்றார். பின்னால் சிரிப்புக் கேட்டது.

நீதவான் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று புதிதாக வந்திருந்த சட்டத்தை எடுத்து அவர் இங்கிலீசில் சொல்ல, கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் சொன்னார். சின்னப்பிள்ளை சத்தியம் செய்ய வேண்டியதில்லை. உண்மை பேச வேண்டும் என்பது விளங்கினால் போதும். பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று நீதவான் என்னைக் கேட்டார்.

"பொய் சொன்னாலும் அடிதான், மெய் சொன்னாலும் அடிதான் ஐயா. அதால மெய்யச் சொல்லுறன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, வழக்கோடு சம்பந்தமில்லாத எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. மீசையும் சால்வையுமாக வந்த ஆண்கள், மாமா உட்பட, ஒரு வேலைக்காரச் சிறுமி பேசுவதற்காக எழுந்து போனார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆட்கள் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன்.

சத்தியம் செய்யாத பிள்ளையின் பேச்சு தனியே போதாது, வேறு சாட்சியும் வேண்டும் என்றார்கள். நோனா கூண்டில் ஏறினார். இனி அந்த வீட்டுத் தையல் கிடைக்கும் என்று நினைக்கிறீரா என்று பிரக்கிராசி மிரட்டுகிற மாதிரிக் கேட்டார்.

"கிடையாது. தெரிஞ்சுதான் வந்தன்" என்றார் நோனா.

வீட்டு அம்மாவுக்குத் தண்டனை கிடைத்தது. மாமா என்னைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டார். தகுந்த ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் அதிகாரம் நீதவானுக்கு இருந்தது. யாரோடு போக விருப்பம் என்று அவர் என்னிடமே கேட்டார். அதுவரை என் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. நான் போய் நோனாவின் கவுணைப் பிடித்துக்கொண்டேன்.

நோனாவின் வீட்டில் பயம் மெல்ல மெல்லப் போனது. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மனுக்கு முன்னால் சொல்லாதவரை, நான் சொன்னது பாதிதான் என்று பட்டது. வைகாசி வந்ததும் நோனாவிடம் சொன்னேன். மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிற அந்த மனுசி, மறுபேச்சில்லாமல் வண்டி பிடித்தார்.

கோயிலில் ஊரே நின்றது. மாமாவும் அன்று கோட்டிலிருந்து எழுந்து போன ஆண்களும் முன்வரிசையில் நின்றார்கள். நோனா முக்காட்டோடு வேலிக்கு வெளியே காத்து நின்றார். நான் திறந்திருந்த வாசலில் கையை வைத்து, கோட்டில் சொன்ன அத்தனையையும் உரத்துச் சொன்னேன். இந்த முறை யாரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை.