தலைமாட்டுக் கயிறு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, அடுப்பை ஒட்டி உட்காருங்கள். சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. எங்கள் ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் அடக்கத்தின்போது பெண்கள் குழிமேட்டுக்குப் போவதில்லை. ஆனால் அங்கே நடந்ததை சர் நினியனே தம் வாயால் என்னிடம் சொன்னார். நான் அவர் மாளிகைச் சமையற்காரி.

பள்ளத்தாக்கு முழுக்க அவர் நிலம். போரில் கர்னல், பிறகு பாராளுமன்ற உறுப்பினர். போரில் ஒருநாள் நெஞ்சு நடுங்கிப் படையைப் பின்வாங்கச் சொன்னவர் அவர்தான். அறிக்கையிலோ, தம் படையிலிருந்த எங்கள் ஊர்ப் பையன் மேல் பழியைப் போட்டு, "யூவன் ஓடினான், மற்றவர்கள் தொடர்ந்தார்கள்" என்று எழுதிவிட்டார். யூவன் அந்தப் போர்க்களத்து வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணிலேயே செத்தான். உடல் கிடைக்கவில்லை. ஊரின் போர் நினைவுக்கல்லில் அவன் பெயரும் இல்லை.

அவன் தாய் மோராக் எட்டு வருடம் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழியில் கண்டால் தலைகுனிந்து விலகிப்போவாள். அதுதான் அவரைத் தின்றது.

1923 டிசம்பர் 11. மோராக்கின் அடக்கம். எங்கள் வழக்கப்படி பெட்டியை எட்டுக் கயிற்றில் இறக்குவார்கள். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. மகன் இல்லையென்றால் ஊர்ப் பெரியவருக்கு. தமக்குத்தான் என்று நினைத்து சர் நினியன் நேரே தலைமாட்டுக்குப் போனார்.

பெட்டி செய்தவன், ஊரின் தச்சனும் கல்தச்சனுமான டூகல், குறுக்கே வந்தான்.

"அங்க வேணாம் ஐயா. அந்த இடம் மகனுக்குன்னு கெழவி சொல்லிட்டுப் போயிருக்கா."

"மகன்தான் இல்லையே, டூகல்."

கயிற்றை எடுக்க அவர் குனிந்தபோது பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். "ஓட்டு கேக்க வந்தப்பகூட இவரு இவ்வளவு குனியல."

காதில் விழுந்தது. முகம் சுட்டது. ஆனாலும் கயிற்றை எடுத்தார்.

ஈரமாக இருந்தது. மற்றவர்கள் கயிறெல்லாம் பனியில் விறைத்துக் கிடக்க, இது மட்டும்... வெதுவெதுப்பாக.

மணி மூன்று நாற்பது. பெட்டி இறங்கியது.

குளிரில் ஒவ்வொருவர் வாயிலும் புகை. எட்டுப் பேர்தான் நின்றார்கள். அவர் தோளருகே ஒன்பதாவதாக ஒரு மூச்சு...

நனைந்த கம்பளிச் சீருடை வாடை.

கயிறு கனத்தது. இழுத்தது. சர்ர்ர்...

பூட்ஸ் குழி விளிம்பில்.

விட முடியவில்லை.

"யூவன் ஓடல," என்றார். "ஓடச் சொன்னது நான். பொய் எழுதினதும் நான்."

கயிறு லேசானது.

பெட்டி மெத்தென்று தரை தொட்டது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பதவியை விட்டார். யூவனின் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்ல டூகலிடம் போனார். அன்று கயிறு உரசிக் கிழித்த உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். காயத்துக்குள், எவ்வளவு கழுவியும் போகாத வெள்ளை மண். எங்கள் மண் கரிக்கறுப்பு, கண்ணுகளா.

டூகல் அந்தக் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தான்.

"ஐயா... தலைமாட்டுல நான் கயிறே கட்டல. கட்டாதேன்னுதான் கெழவி சொன்னா. நீங்க வெறுங்கையோடதான் நின்னீங்க."

உங்கள் வீட்டில் பிள்ளைகள் நலமாகத் திரும்பி வரட்டும். அவர்கள் பெயர் எந்நாளும் சுத்தமாக இருக்கட்டும்.