"எந்தத் தூரம்மா?"

கணவர் இறந்து, மகளும் வேலைக்காகப் பெங்களூரு போன பிறகு திருப்பூரில் தனியாக இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆன எனக்குப் போன வருடம் மறுபடியும் ரத்தப்போக்கு வந்தது. வீட்டில் சொல்ல ஆளில்லை. கிளினிக்கில் இருந்ததோ இளவயது ஆண் டாக்டர். கூச்சத்தில், "உடம்புக்கு முடியலீங்க" என்று மட்டும் சொன்னேன். சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

ரத்தம் நிற்கவில்லை. பயந்துபோய் மகளுக்குப் போன் செய்தேன்.

"மறுபடியும் தூரமாகுது கண்ணு."

"எந்தத் தூரம்மா? எங்க போயிருக்கீங்க?"

மாதவிலக்கைத்தான் நாங்கள் தூரம் என்போம்; இதைப் பற்றி அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. வீட்டில் யாருமில்லாதபோதும் கதவைச் சாத்திவிட்டுத்தான், "ரத்தம் போகுது கண்ணு" என்றேன். அன்றே கிளம்பி வந்துவிட்டாள்.

பரிசோதனையில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றார்கள். ஆரம்பக் கட்டம் என்பதால் ஆபரேஷனோடு பிழைத்தேன்.

இப்போதெல்லாம் கம்பெனியில் எந்தப் பெண்ணாவது, "உடம்பு சரியில்லீங்கக்கா" என்றால் அதோடு விடுவதில்லை. "ரத்தம் அதிகமாப் போகுதா கண்ணு?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன். முதன்முதலில் நான் கேட்ட பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.